பாட்டும் படிப்பும் சேர்ந்து வேண்டும் என்றால்: செயின்ட் ஓலாஃப், லூதர், கான்கார்டியா, வால்பரைசோ ஓர் ஒப்பீடு

நார்வேயில் இருந்தும் ஜெர்மனியில் இருந்தும் அமெரிக்காவின் மத்திய மேற்கில் போய்க் குடியேறிய லூத்தரன் (மார்ட்டின் லூதரைப் பின்பற்றும் புராட்டஸ்டன்ட்) சபையார் அங்கே கட்டிய கல்லூரிகள் பல, இன்றும் பாடகர் குழுக்களுக்குப் பெயர் பெற்றவை. உயிரியலோ கணினியோ படித்துக்கொண்டே பாட்டையும் விடாமல் பிடித்துக்கொள்ள நினைக்கும் பிளஸ் டூ மாணவருக்கு இவை பொருத்தமான இடங்கள். வெளியில் இருந்து பார்த்தால் எல்லாக் கல்லூரியும் ஒன்றுபோலத் தெரியும். எல்லாவற்றிலும் ஒரு சேப்பல், பெரிய கிறிஸ்துமஸ் கச்சேரி, குளிர்காலத்தில் பேருந்தேறிப் போகும் பாடகர் குழு. உள்ளே போய்ப் பார்த்தால் பட்டத்தின் அமைப்பும், கலைக்கு ஒதுக்கும் பணமும், சபையோடு இருக்கும் உறவும் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குழுப்பாட்டில் உயர்ந்த தரமும், பணத்தேவைக்கு ஏற்ற உதவியும் வேண்டும் என்றால் செயின்ட் ஓலாஃப். அறிவியல் மேஜரோடு (முதன்மைப் பாடம்) பாட்டை நெருக்கடி இல்லாமல் சேர்க்க வேண்டும் என்றால் லூதர். இசையும் ஓவியமும் ஒரே மேடையில் சேர்வதைக் கற்க வேண்டும், அறிவித்த கட்டணமும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் கான்கார்டியா. பொறியியலோ நர்சிங்கோ படித்தபடி தத்துவம், இலக்கியம், நாடகம் என்று விரிவாக வாசிக்க விரும்புபவருக்கு வால்பரைசோ. ஆனால் அங்கே கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். குழுவின் புகழை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

இந்தக் கல்லூரிகளில் இசைக்கு ஏன் இவ்வளவு இடம் என்பது தெரிந்தால் ஒப்பிடுவது எளிது. கடவுளின் வார்த்தைக்கு அடுத்தபடி உயர்ந்த புகழ்ச்சிக்கு உரியது இசைதான் என்று மார்ட்டின் லூதர் 1538-இல் ஒரு பாடல் தொகுப்பின் முன்னுரையில் எழுதினார். போதகர் வேலை மட்டுமல்ல, செருப்புத் தைப்பதும் பாடம் நடத்துவதும் கடவுள் கொடுத்த அழைப்பே என்பதும் அவர் போதனை. அதனால் இறையியலாளருக்கு ஒரு கல்வி, வேதியியலாளருக்கு வேறொரு கல்வி என்ற பிரிவு இங்கே வலுவாக வேரூன்றவில்லை. பகுத்தறிவு தன் எல்லைக்குள் சுதந்திரமாக இயங்கலாம் என்பதும் லூத்தரன் மரபிலேயே இருக்கிறது. வேறு சில புராட்டஸ்டன்ட் கல்லூரிகளில் ஆசிரியர்கள் விசுவாச அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். இந்த நான்கிலும் மாணவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம். சேப்பலுக்கு வருவது அவரவர் விருப்பம். மதம் சார்ந்த பாடம் ஒன்றிரண்டு எடுக்க வேண்டியிருக்கும். அவை வேதாகம வகுப்பாகவும் இருக்கலாம், பிற மதங்களோடு ஒப்பிடும் வகுப்பாகவும் இருக்கலாம்.

பி.ஏ.வா, பேச்சிலர் ஆஃப் மியூசிக்கா?

கல்லூரியைத் தேர்வதற்கு முன் பட்டத்தைத் தேர்ந்துவிடுங்கள். அமெரிக்காவில் இசைப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பின் அளவுகோலின்படி, பி.ஏ. பட்டத்தில் 30 முதல் 45 சதவீதம் இசைப் பாடங்கள் இருக்கும். பேச்சிலர் ஆஃப் மியூசிக் என்ற தொழில்முறைப் பட்டத்தில் குறைந்தது 65 சதவீதம். இசை ஆசிரியர் பயிற்சியில் இசைக்கு 50 சதவீதம், அதற்கு மேல் கல்வியியல் பாடங்கள் தனி. நான்கு ஆண்டுக்கு 120 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) என்று வைத்தால் பி.ஏ.வில் 36 முதல் 54 கிரெடிட் இசைக்குப் போகும், தொழில்முறைப் பட்டத்தில் 78. மிச்சம் இருக்கும் 42-இல் பெரும்பகுதி கல்லூரியின் பொதுப் பாடங்களுக்கே போய்விடும். இரண்டாவது மேஜருக்கு இடமே இல்லை.

இது தெரியாமல் சேருபவர்கள் இரண்டாம் ஆண்டில் மாட்டிக்கொள்கிறார்கள். வேதியியல் லேப் பிற்பகலில் நடக்கும். குழுவின் பயிற்சியும் பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோதான். ஒரே நேரத்தில் இரண்டும் விழுந்தால் விட்டுக்கொடுக்க வேண்டியது எது என்பதைக் கல்லூரி தீர்மானிக்கும், நீங்கள் அல்ல. நர்சிங் என்றால் மருத்துவமனைப் பயிற்சி, இசை ஆசிரியர் பயிற்சி என்றால் ஒரு பருவம் முழுவதும் பள்ளியில் வேலை. அந்தப் பருவத்தில் குழுவில் பாடுவது கடினம். மருத்துவம், பொறியியல், கணினி ஆகியவற்றில் ஒன்றையும் இசையையும் சேர்த்து நினைப்பவர் பி.ஏ.வையோ வெறும் மைனரையோ (துணைப்பாடம்) எடுப்பதே சரி. மேடைக் கலைஞராகவே வாழ முடிவு செய்துவிட்டவருக்குத்தான் மற்றது.

செயின்ட் ஓலாஃப் (நார்த்ஃபீல்ட், மினசோட்டா)

1874-இல் நார்வே குடியேறிகள் தொடங்கியது. மினியாபொலிஸில் இருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர். சுமார் 3,000 மாணவர்கள். எஃப். மீலியஸ் கிறிஸ்டியன்சன் 1912-இல் இங்கே பாடகர் குழுவை அமைத்தார். கிறிஸ்துமஸ் விழாவும் அதே ஆண்டில் தொடங்கியது. பக்கவாத்தியம் இல்லாமல், தாளைப் பார்க்காமல், அதிர்வைக் குறைத்து எல்லாக் குரலும் ஒன்றாகக் கலந்து ஒலிக்கும் பாணியை அமெரிக்கா முழுவதும் பரப்பியது இந்தக் குழு. 1990-இல் பொறுப்பேற்ற ஆன்டன் ஆம்ஸ்ட்ராங் இதன் நான்காவது நடத்துநர். முதல் 78 ஆண்டுகளுக்கு மூன்றே பேர் என்பது நடத்துநர்கள் நிலைத்து நின்ற இடம் இது என்பதைக் காட்டும்.

ஆனால் இங்கே வந்த உடனே அந்தக் குழுவில் பாட முடியாது. முதலாண்டு மாணவர்களுக்கு என்று தனிக் குழுக்கள் இருக்கின்றன: உயர்குரல்களுக்கு மானிட்டூ சிங்கர்ஸ், தாழ்குரல்களுக்கு வைக்கிங் கோரஸ். அடுத்த ஆண்டுகளில் சேப்பல் கொயர், கேன்டோரி என்று நகர்ந்து, ஆடிஷனில் தேறியவரே முதன்மைக் குழுவுக்குப் போவார். பலருக்கு அந்த இடம் கிடைப்பதே இல்லை. அது இல்லாமலும் மற்றக் குழுக்களிலேயே நல்ல பயிற்சி கிடைக்கும் என்று ஏற்றுக்கொள்ள முடிகிறவர்தான் இங்கே நிம்மதியாகப் படிப்பார். கிறிஸ்துமஸ் விழாவில் எல்லாக் குழுக்களும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து பாடுவதால் முதலாண்டு மாணவருக்கும் அந்த மேடை கிடைத்துவிடும்.

ஓவியம், நாடகம், நடனம் ஆகியவற்றிலும் மேஜர் உண்டு. டிட்மன் மையத்தில் ஓவியமும் நடனமும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன; ஃபிளேட்டன் அருங்காட்சியகமும் அங்கேயே. பி.ஏ., பேச்சிலர் ஆஃப் மியூசிக் இரண்டும் இருக்கின்றன. பொறியியல் பட்டம் கிடையாது, நர்சிங் உண்டு. கணக்கிட்டுக் காட்டிய பணத்தேவையை முழுவதும் ஈடுசெய்வதாகச் சொல்லும் கல்லூரி இது. வெளிநாட்டு மாணவருக்கு அதில் ஒரு நிபந்தனை: உங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்பதும் அனுமதி முடிவில் எடை போடப்படும். குடும்ப வருமானக் கணக்கை அரைகுறையாக அனுப்பினால் அனுமதியே கிடைக்காமல் போகலாம். அறிவித்த கட்டணத்தைப் பார்த்துப் பயந்து விண்ணப்பிக்காமல் இருப்பதும் தவறு. இந்தப் பட்டியலில் ஏழைக் குடும்பத்துக்குக் கடைசியில் மலிவாக முடியக்கூடியது இதுவாகவே இருக்கலாம்.

லூதர் (டெக்கோரா, அயோவா)

1861-இல் தொடங்கியது. அயோவாவின் வடகிழக்கு மூலையில் உள்ள சிறிய ஊர். பெரிய விமான நிலையம் பக்கத்தில் இல்லை. மினசோட்டாவின் ராசெஸ்டரில் இருந்தோ விஸ்கான்சினின் லாக்ராஸில் இருந்தோ சாலை வழியாகப் போக வேண்டும். வெஸ்டன் நோபிள் 1948 முதல் 2005 வரை 57 ஆண்டுகள் நார்டிக் கொயரை நடத்தினார். பல ஆண்டுகள் கச்சேரி பேண்டையும் அவரே நடத்தினார். பேண்டும் பாட்டும் சமமாக மதிக்கப்படும் பழக்கம் இங்கே வேரூன்றியதற்கு அது ஒரு காரணம்.

இசையில் இங்கே கிடைப்பது பி.ஏ. மட்டுமே. தொழில்முறைப் பட்டம் இல்லாததைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. எங்களுக்கு அதுவே இதன் பலமாகத் தெரிகிறது. இசைத் துறையின் கால அட்டவணையும் எதிர்பார்ப்புகளும் வேறு மேஜரும் படிக்கும் மாணவரை மனத்தில் வைத்தே அமைந்திருக்கின்றன. உயிரியல் படிப்பவர் தனிப்பாடம் எடுப்பதும் குழுவில் நிற்பதும் விதிவிலக்காகத் தெரியாது. முதலாண்டில் பெண்களுக்கு அரோரா, ஆண்களுக்கு நார்ஸ்மென் என்று குழுக்கள். நார்டிக் கொயர் இரண்டாம் ஆண்டில் இருந்துதான். முதலாண்டு மாணவர் எல்லோரும் சேர்ந்து எடுக்கும் பைடேயா என்ற வாசிப்பும் எழுத்தும் கொண்ட பாடம் கடினமானது. ஆங்கிலக் கட்டுரை எழுதிப் பழகாதவருக்கு முதல் பருவத்தில் பாட்டுக்கு ஒதுக்கிய நேரத்தை அது விழுங்கிவிடும். அந்தப் பருவத்தில் ஒரு குழு, ஒரு தனிப்பாடம் என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

முழுநேர ஓபராப் பாடகர் ஆக வேண்டும் என்பவர் இங்கே போக வேண்டாம்.

கான்கார்டியா (மூர்ஹெட், மினசோட்டா)

1891-இல் தொடங்கியது, ஆற்றைக் கடந்தால் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ. ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி சாதாரணம். குரலைக் காப்பாற்ற வேண்டியவர் விடுதி அறைக்கு ஒரு ஹியூமிடிஃபையர் வாங்கிவைக்க வேண்டும். வெப்பமூட்டிய அறையின் வறண்ட காற்றில் தொண்டை முதல் மாதத்திலேயே கட்டிக்கொள்ளும்.

செயின்ட் ஓலாஃப் குழுவை நிறுவியவரின் மகன் பால் ஜே. கிறிஸ்டியன்சன் 1937 முதல் 1986 வரை இந்தக் குழுவை நடத்தினார். அடுத்து வந்த ரெனே கிளாவுசன் இசையமைப்பாளரும் ஆவார். தன் குழுவுக்காகவே எழுதினார். இங்கே கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு மேடையின் பின்புறம் முழுவதும் பிரமாண்டமான சுவரோவியம் ஒன்று எழும். அந்த ஆண்டின் வேதாகமக் கருப்பொருள் முதலில் முடிவாகும். பாடல் வரிசை, வாசகம், ஓவியம் மூன்றும் அதைப் பின்பற்றும். ஓவியம் தீட்டுவதில் சமூகத்தாரும் கைகொடுக்கிறார்கள். இசை மட்டும் தெரிந்த மாணவர் ஒரு நிகழ்ச்சியை முழுதாகக் கட்டுவது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இந்த நான்கில் இல்லை. மூர்ஹெட்டில் பாடிவிட்டு மினியாபொலிஸ் ஆர்க்கெஸ்ட்ரா ஹாலிலும் பாடுவார்கள்.

2021-இல் இந்தக் கல்லூரி அறிவித்த கட்டணத்தை 27,500 டாலராகக் குறைத்தது. கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் கட்டணம் குறையும்போது ஸ்காலர்ஷிப்பும் சேர்ந்தே குறையும் என்பதை மறக்க வேண்டாம். விடுதி, உணவு, காப்பீடு எல்லாம் கூட்டி, உதவித்தொகை கழித்து, கையில் இருந்து போகும் தொகையை மட்டுமே ஒப்பிடுங்கள்.

வால்பரைசோ (இண்டியானா)

மற்ற மூன்றும் கல்லூரிகள், இது பல்கலைக்கழகம். சிகாகோவில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர். 1859-இல் மெதடிஸ்ட்டுகள் தொடங்கியதை 1925-இல் லூத்தரன் சங்கம் ஒன்று வாங்கியது. எந்த சினாடுக்கும் (சபை அமைப்புக்கும்) சொந்தமில்லாமல் தனித்து நிற்கிறது. பொறியியல், நர்சிங் இரண்டும் உண்டு. 1959-இல் அர்ப்பணிக்கப்பட்ட உயிர்த்தெழுதலின் சேப்பல் அமெரிக்கக் கல்லூரிச் சேப்பல்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

இங்கே உண்மையான ஈர்ப்பு கிரைஸ்ட் காலேஜ் என்ற ஹானர்ஸ் பிரிவு. பொறியியல் மாணவரும் இதில் சேரலாம். முதலாண்டு மாணவர்கள் முதல் பருவத்தில் தாங்களே ஒரு நாடகத்தை எழுதி, பாட்டமைத்து, அரங்கமைத்து, நடிக்கிறார்கள். அடுத்த பருவத்தில் அதே மாணவர்கள் மேடை விவாதத்தில் மோதுகிறார்கள். ஹோமரையும் அகஸ்டினையும் வாசித்துவிட்டு அதன் கேள்விகளையே பாட்டாகவும் வாதமாகவும் ஆக்கிப் பார்க்க வைப்பது நம்பிக்கை, கல்வி, கலை மூன்றையும் ஒரே பாடத்தில் கட்டும் முறை. மற்ற மூன்று இடங்களில் கலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாடகர் குழு. இங்கே பாட வராத மாணவரும் கலைக்குள் இழுக்கப்படுகிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பட்டியலில் வைத்திருக்கிறோம்.

இப்போது எச்சரிக்கை. 2023-இல் இந்தப் பல்கலைக்கழகம் தன் பிராவர் கலை அருங்காட்சியகத்தில் இருந்து ஜார்ஜியா ஓ'கீஃப் உள்ளிட்ட மூவரின் ஓவியங்களை விற்று, முதலாண்டு விடுதிகளைப் புதுப்பிக்க முடிவு செய்தது. அந்த அருங்காட்சியகத்துக்குப் பெயர் தேடித்தந்த ஓவியமே விற்பனைப் பட்டியலில் இருந்தது. அருங்காட்சியகத்தின் பெயருக்கு உரிய முதல் இயக்குநரே எதிர்த்தார், வழக்கும் நடந்தது. 2024-இல் பல பாடப்பிரிவுகளை நிறுத்துவது பற்றிய ஆய்வும் அறிவிக்கப்பட்டது. மாணவர் எண்ணிக்கை குறைந்து வரும் கல்லூரி, சேமிப்பைக் கலையில் இருந்து எடுக்கத் தொடங்கினால் அது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இணையத்தில் கிடக்கும் பழைய பாடப் பட்டியலை நம்பாதீர்கள். நீங்கள் விரும்பும் மேஜர் நான்கு ஆண்டுக்கும் நடக்குமா, நிறுத்தினால் சேர்ந்தவரை முடிக்கவிடுவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதே கேள்வியை எல்லாச் சிறிய கல்லூரியிலும் கேட்க வேண்டும். ஓரிகனின் போர்ட்லாண்டில் இருந்த கான்கார்டியா 2020-இலும், நியூயார்க்கின் கான்கார்டியா 2021-இலும், மிச்சிகனின் ஃபின்லாண்டியா 2023-இலும் மூடப்பட்டன. மூன்றும் லூத்தரன் கல்லூரிகள்தான். கான்கார்டியா என்ற பெயர் பல இடங்களில் இருப்பதால் குழம்ப வேண்டாம்: மூர்ஹெட் கான்கார்டியா இ.எல்.சி.ஏ. (அமெரிக்க சுவிசேஷ லூத்தரன் சபை) என்ற சபையோடு சேர்ந்தது. மூடப்பட்ட இரண்டு கான்கார்டியாக்களும் மிசூரி சினாட் என்ற மற்றொரு லூத்தரன் சபையைச் சேர்ந்தவை.

சபைப் பிரிவு எவ்வளவு முக்கியம்?

திருச்சபை இசையையே வாழ்க்கை ஆக்கிக்கொள்ள நினைப்பவருக்கு மட்டும் மிக முக்கியம். இ.எல்.சி.ஏ. பெண்களைப் போதகராக அபிஷேகம் செய்யும். மிசூரி சினாட் செய்யாது, கோட்பாட்டிலும் இறுக்கமானது. அந்த சினாடின் சிகாகோ, நெப்ராஸ்கா கான்கார்டியாக்களில் சபை ஊழியத்துக்கான இசைப் பயிற்சியே தனித்துறையாக நடக்கிறது. ஆர்கன், வழிபாட்டு முறை, குழு நடத்துதல் மூன்றையும் ஊழியத் தகுதியோடு கற்பிக்கிறார்கள். நம் ஊரில் ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபை) சபைகள் மிசூரி மிஷனில் இருந்து வளர்ந்தவை. தரங்கம்பாடி மரபில் வந்த டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை) வேறு வழி. சபையின் பின்னணிக்கு ஏற்ற கல்லூரியைத் தேடுபவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டே போதகரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். மற்ற மாணவருக்கு, வகுப்பறையில் இந்தப் பிரிவு பெரிதாக உறைக்காது.

கிறிஸ்தவர் அல்லாதவர் யோசிக்க வேண்டியது இன்னொன்று. சேப்பலுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் குழுவில் சேர்ந்தால் பாடப்போவதில் பெரும்பகுதி வேத வசனமும் துதியும்தான். கச்சேரி மேடையில் மட்டுமல்ல, ஞாயிறு ஆராதனையிலும் குழு பாடும். இது இசைப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டு மனநிறைவோடு பாடும் இந்து, முஸ்லிம் மாணவர்கள் உண்டு. மனம் ஒப்பாமல் தவிப்பவர்களும் உண்டு. சேர்வதற்கு முன் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியின் பதிவு ஒன்றை முழுதாகக் கேட்டுப் பார்த்து, வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

கர்நாடகப் பயிற்சியோடு ஆடிஷன்

நம் பாட்டுப் பயிற்சியில் மனப்பாடமும் சுருதி சுத்தமும் பலம். தடுமாறும் இடங்கள் மூன்று. முதலாவது, பார்த்த உடனே ஸ்டாஃப் நொட்டேஷனைப் பாடுவது. சரிகமவில் ஸட்ஜம் எங்கே வேண்டுமானாலும் அமைவதால் மேற்கத்திய நகரும் டோ முறை (ஆதார சுரமான டோ எங்கேயும் அமையலாம்) சீக்கிரம் பிடிபடும். ஆனால் எழுத்தில் உள்ள கால அளவைக் கண்ணால் படிப்பது புதுப் பழக்கம். தினம் 20 நிமிடம் என்று ஆறு மாதமாவது வேண்டும். இரண்டாவது, கமகம். இரண்டு சுரத்துக்கு நடுவே வழுக்கிப் போகும் பழக்கம் குழுவில் மற்றக் குரலோடு ஒட்டாது. நீண்ட ஒரே சுரத்தை அசையாமல் எட்டு எண்ணிக்கைக்குப் பிடிக்கப் பழகுங்கள். மூன்றாவது, பெண்கள் நெஞ்சுக் குரலிலேயே பாடிப் பழகியிருப்பது. மேல் ஸ்தாயியில் தலைக்குரலைத் திறக்காமல் சொப்ரானோ (பெண்களின் உச்சக்குரல்) பாகத்தைப் பாட முடியாது. தேவாலயக் கொயரில் ஞானப்பாட்டுகளை நான்கு குரலில் பாடி வளர்ந்தவருக்கு முதல் இரண்டும் பாதி தெரிந்திருக்கும். ஜெர்மன் கோரல் (சபைப்பாட்டு) மெட்டுகள் அந்த ஞானப்பாட்டுப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

பதிவு அனுப்பும்போது வேகத்திலும் மொழியிலும் மாறுபட்ட இரண்டு பாட்டுகள், ஒவ்வொன்றும் வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுத்ததாக இருக்கட்டும். போனைக் கிடைமட்டமாக, இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். எதிரொலி சேர்க்கும் செயலிகளைத் தொடாதீர்கள். குரலின் குறையை மறைக்கிறார் என்றே கேட்பவர் நினைப்பார். ஒரு கர்நாடகப் பாட்டைக் கூடுதலாகச் சேர்க்கலாம், ஆனால் கேட்ட இரண்டுக்குப் பதிலாக அல்ல.

ஸ்காலர்ஷிப் கடிதம் வந்ததும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: இசை மேஜர் இல்லாவிட்டாலும் தொகை நீடிக்குமா, ஒரு பருவம் குழுவில் பாடாவிட்டால் என்ன ஆகும், தனிப்பாடத்துக்கான கட்டணம் இதில் அடங்குமா. வாரம் ஒரு பாடத்துக்கு ஒவ்வொரு பருவமும் தனியே பணம் கேட்கும் இடங்கள் உண்டு. நான்கு ஆண்டில் அது கணிசமான தொகை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வேலை செய்ய முடியாது; பயிற்சியும் வகுப்பும் போக அவ்வளவு நேரமே மிஞ்சாது என்பதால் அந்தச் சம்பளத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அங்கீகாரம் பெற்ற இசைத் துறைகள், உதவித்தொகையோடு கூடிய இடத்தை ஏற்றுக்கொண்ட மாணவர் மே 1-க்கு முன் மனம் மாறினால் அதைத் தடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டவை. எனவே பிப்ரவரியில் அவசரமாகக் கையெழுத்துக் கேட்டு யாராவது அழுத்தினால், மற்றக் கடிதங்களும் வந்து சேரும் வரை பொறுத்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு.